முதன்முறையாகப் பங்குப் பொறுப்பேற்கும் குருவுக்கு: முதல் ஆண்டில் கையில் எடுக்க வேண்டிய வேலைகள்

குருமடத்தை விட்டு வரும் குருவுக்கு மறையுரை தயாரிக்கத் தெரியும். விழுங்க முடியாமல் படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு நன்மை (நற்கருணை அப்பம்) எப்படிக் கொடுப்பது, இரவு பதினொரு மணிக்குச் சாவு விழுந்தால் எந்தக் காகிதத்தைக் கேட்பது, கோயில் கழிப்பறையை யார் கழுவுவது என்பதையெல்லாம் பங்குக்கு வந்து தடுமாறித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தில் பாதியையாவது குறைக்க இந்தக் கட்டுரை உதவும். தமிழ்நாட்டு மறைமாவட்டங்களில் மாற்றல் பெரும்பாலும் மே, ஜூனில் வருகிறது. அந்த மாதக் கணக்கை ஒட்டியே வரிசைப்படுத்தியிருக்கிறோம். உங்கள் ஆயர் இல்லத்தின் சுற்றறிக்கை வேறு மாதிரிச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பங்குத்தந்தை குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், அவர்களின் கவலையிலும் துக்கத்திலும் பங்கெடுக்க வேண்டும், நோயாளிகளையும் சாகக் கிடப்பவர்களையும் தாராள அன்போடு கவனிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 529 சொல்கிறது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று அது விட்டுவிடவில்லை, கடமை என்கிறது. கீழே உள்ளதெல்லாம் அந்தக் கடமையை நாள் கணக்கிலும் பொருள் கணக்கிலும் பிரித்ததுதான்.

1. சாவிக்கு முன் பட்டியல் (பொறுப்பேற்கும் வாரம்)

பொறுப்பேற்பவர் சொத்துப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே நிர்வாகத்தைத் தொடங்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 1283. மாலை, பொன்னாடை, வரவேற்பு மேளம் என்று அந்த நாள் ஓடிவிடும். அதனால் விழாவுக்கு முந்தைய நாளே முந்தைய பங்குத்தந்தையோடும் நிதிக்குழுவில் இருவரோடும் உட்காருங்கள். மூன்று பிரதி எடுங்கள்: பங்குக்கு ஒன்று, ஆயர் இல்லத்துக்கு ஒன்று, விடைபெறுபவருக்கு ஒன்று.

பட்டியலில் இருக்க வேண்டியவை: திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் (எந்த ஆண்டிலிருந்து எத்தனை தொகுதி, எந்தத் தொகுதியில் பக்கம் கிழிந்திருக்கிறது என்பது வரை), பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வங்கிப் புத்தகங்கள், வைப்புத்தொகை ரசீதுகள், மின் இணைப்பு எண்கள், திருப்பாத்திரங்கள், கதிர்ப்பாத்திரம், சுரூபங்களுக்கு வந்த நகைகள், கோயில்பிள்ளை (கோயில் வேலைகளைக் கவனிக்கும் பணியாளர்) முதல் சமையல்காரம்மா வரை பணியாளர்களின் சம்பள பாக்கி, மக்கள் கேட்டும் இன்னும் ஒப்புக்கொடுக்காத பூசைக் கருத்துகள் (யாருக்காக, எதற்காகப் பூசை என்ற வேண்டுதல்கள்).

நகையை எடைபோடாமல் "ஒரு பெட்டி" என்று எழுதி வாங்காதீர்கள். உள்ளூர் நகை ஆசாரியை வரவழைத்து, நிதிக்குழுவில் மூன்று பேர் முன்னால் ஒவ்வொன்றாக எடை எழுதுங்கள். ஐந்து ஆண்டு கழித்து "அந்தச் சங்கிலி எங்கே" என்ற பேச்சு கிளம்பினால் உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு தாள்தான்.

மின் இணைப்பையும் அன்றே பாருங்கள். கோயிலுக்கு வழிபாட்டுத்தலக் கட்டணப் பிரிவில் வந்த மீட்டரிலிருந்து வாடகைக்கு விடும் மண்டபத்துக்கும் கம்பி இழுத்திருந்தால், ஆய்வில் பிடிபடும்போது அபராதம் உங்கள் காலத்தில்தான் வரும்.

வங்கிக் கையொப்பம் மாற்ற ஆயரின் நியமனக் கடிதம், நிதிக்குழுத் தீர்மானம், பான், ஆதார், புகைப்படம் வேண்டும். இரண்டு வாரமாவது பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, அதுவரை ஆகும் சம்பளச் செலவுக்கு முன்னவரிடமே காசோலை வாங்கி வையுங்கள்.

பதிவேடு எழுதும் வேலையை முழுதாக உபதேசியாரிடம் (மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் பங்குப் பணியாளரிடம்) விட்டுவிட வேண்டாம். ஞானஸ்நானம் கொடுத்த அன்றே நீங்களே எழுதுங்கள். "அடுத்த வாரம் எழுதலாம்" என்று துண்டுச்சீட்டில் நின்றுபோன பெயர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. திருமண ஓலை வாசிக்கும் (கோயிலில் திருமணத்தை முன்கூட்டி அறிவிக்கும்) நேரத்தில்தான் அது தெரியவரும், பெண் வீட்டார் அலைவார்கள்.

2. நோயாளிகள் (முதல் மாதமே)

எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள். முதல் ஞாயிறு அறிவிப்பிலேயே அன்பியத் தலைவர்களிடம் (அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) படுக்கையில் இருப்பவர்கள் பட்டியலைக் கேளுங்கள். பெயர், தெரு, என்ன நோய், விழுங்க முடியுமா, பார்த்துக்கொள்வது யார் என்ற ஐந்தும் போதும்.

முப்பத்தைந்து பேர் இருக்கும் பங்கில் எல்லாரையும் மாதத்தின் முதல் வெள்ளி ஒரே காலையில் முடிக்க நினைத்தால், ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். நன்மையை வாயில் வைத்துவிட்டு ஓடும் சந்திப்பு நோயாளிக்கு வேதனையைத்தான் தரும். ஒரு காலைக்கு எட்டு வீடு என்று வைத்து, வியாழன், வெள்ளி, சனி என்று பிரியுங்கள். மிச்சமுள்ளோரை அடுத்த வாரம் பாருங்கள். குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்து முடித்திருக்கும் நேரம், அதாவது எட்டரைக்கு மேல் பத்தரைக்குள், வீட்டாருக்கும் வசதி.

பையில் இருக்க வேண்டியவை: நற்கருணைச் சிமிழ், திருமேனித்துகில், சிறு துடைக்கும் துணி, தோள்துகில், நோயில்பூசுதல் எண்ணெய், பஞ்சு, சடங்கு நூல், சிறு தண்ணீர்ப் புட்டி, ஒரு தேக்கரண்டி, கை கழுவும் திரவம். சிமிழ் கழுத்தில் தொங்கும் உறையில் இருக்கட்டும், வண்டிப் பெட்டியில் வைக்கக் கூடாது. கோயிலிலிருந்து கிளம்பினால் நேரே நோயாளி வீடு, வழியில் டீக்கடையும் தாலுகா அலுவலகமும் வேண்டாம். எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு அப்பம் கூட எடுங்கள், பட்டியலில் இல்லாத பக்கத்து வீட்டுத் தாத்தா எப்போதும் இருப்பார்.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு முழு அப்பம் கொடுக்க வேண்டாம். நகக்கண் அளவு பிட்டு, தேக்கரண்டியில் சிறிது தண்ணீரோடு கொடுங்கள். தலையணையை உயர்த்தி அவரை முக்கால்வாசி உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கொடுங்கள், மல்லாந்து படுத்திருக்கும்போது கொடுத்தால் புரையேறும். பக்கவாதத்தில் கெட்டியாக எதையும் விழுங்க முடியாதவருக்குத் திரு இரத்தம் (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட இரசம்) ஒரு துளி கொடுக்கத் திருச்சபை அனுமதிக்கிறது. அதற்கு வீட்டில் திருப்பலி வைப்பது நல்லது. நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் நன்மைக்கு முன் இருக்கும் ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை. பலர் இது தெரியாமல் கஞ்சி குடித்துவிட்டோம் என்று நன்மையை மறுப்பார்கள், சொல்லிப் புரிய வையுங்கள்.

"அவஸ்தை பூசினால் ஆள் போய்விடும்" என்ற பயம் இன்னும் போகவில்லை (அவஸ்தை என்பது நோயில்பூசுதலின் பழைய பெயர்). அதனால் மூச்சு இழுக்கும்போதுதான் உங்களைக் கூப்பிடுவார்கள். பெரிய அறுவைக்கு முன்பும், முதுமையில் உடல் தளர்ந்தபோதும் பூசலாம். நோய் முற்றினால் மறுபடியும் பூசலாம். ஆண்டுக்கு ஒருமுறை கோயிலில் பொதுவாக நோயாளிகளுக்குப் பூசும் திருப்பலி வைத்தால் இந்தப் பயம் தானாகக் கரையும்.

செபம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். போர்வையை விலக்கி முதுகையும் குதிகாலையும் பார்க்க வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை நீங்களே ஒரு பக்கம் பிடித்து, விரிப்போடு சேர்த்து உருட்டிக் காட்டுங்கள். தனியாளாகப் பார்க்கும் மருமகளுக்கு அது பெரிய தெம்பு. காற்றுப்படுக்கை ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கும். பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இரண்டு வாங்கி வைத்தால் சுற்றில் விடலாம். வீடு தேடி வரும் பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சைக்கு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

இரண்டு காகிதங்களை அந்த வீட்டிலேயே சரிபாருங்கள். முதலாவது, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும், வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் போதும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் எடுக்க வேண்டும். ஆளை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு அட்டைக்கு ஓடும் குடும்பங்களே அதிகம், நலமாக இருக்கும்போதே எடுக்க வையுங்கள். இரண்டாவது, முதியோர் உதவித்தொகை. 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து ஒப்புகை எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். எண் இல்லாமல் போனால் "பார்க்கிறோம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டும்.

3. வீடு சந்திப்பு (ஜூலை முதல் அக்டோபர் வரை)

கணக்கு எளிது. 400 குடும்பம், மாலை ஆறு முதல் எட்டரை வரை ஆறு வீடு, வாரம் நான்கு நாள். பதினேழு வாரத்தில் முடியும். ஆறுக்கு மேல் போட்டால் கடைசி இரண்டு வீட்டுக்கும் வாசலோடு திரும்புவீர்கள், அதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குகிறீர்கள் என்பதை ஊரே கவனிக்கும். கோயில் தெருவிலிருந்தோ பங்குப் பேரவைத் துணைத்தலைவர் வீட்டிலிருந்தோ தொடங்காதீர்கள். கிளைப்பங்கின் கடைசித் தெருவிலிருந்து, காலனியிலிருந்து தொடங்குங்கள். அங்கே கொடுக்கும் தண்ணீரையும் டீயையும் வாங்கிக் குடியுங்கள். ஒரு வீட்டில் குடித்து இன்னொரு வீட்டில் "இப்போதுதான் குடித்தேன்" என்று சொன்னால், எந்த வீடு எந்தச் சாதி என்று ஊர் கணக்குப் போட்டுவிடும். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்க ஒரே வழி, எல்லா வீட்டிலும் அரை டம்ளர்.

சந்தாப் புத்தகத்தோடு பொருளாளர் கூட வரக் கூடாது. திருவிழா வரி பாக்கி இருக்கும் வீட்டார், சாமியார் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கூட வர வேண்டியவர் அன்பியத் தலைவரோ ஓர் அருட்சகோதரியோதான். கையில் பங்குக் குடும்ப அட்டைப் பதிவேடு இருக்கட்டும். பிறந்தவர், இறந்தவர், மணமாகிப் போனவர் எல்லாவற்றையும் அங்கேயே திருத்துங்கள்.

கேட்க வேண்டியவை: படிப்பை நிறுத்திய பிள்ளை உண்டா, வெளிநாட்டு வேலைக்குப் போனவரிடமிருந்து தகவல் வருகிறதா, கோயிலில் மந்திரிக்காத (குரு ஆசி கொடுத்து நடத்தாத) திருமணம் உண்டா, வட்டிக்கடன் எவ்வளவு. கடைசிக் கேள்வியைப் புருஷன் பெண்டாட்டி இருவரும் இருக்கும்போது கேட்காதீர்கள், அந்த இரவே வீட்டில் சண்டை வரும். கேட்டதை நோட்டில் சுருக்கக் குறியீட்டில் எழுதி அலமாரியில் பூட்டுங்கள். மறையுரையில் "ஒரு வீட்டில் பார்த்தேன்" என்று ஆரம்பித்தால், அது யார் வீடு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

4. துடைப்பம் யார் கையில்?

பல பங்குகளில் கோயிலை அலங்கரிப்பதும் பாடல் நடத்துவதும் சில குடும்பங்களுக்கு, கழிப்பறை கழுவுவதும் குழி வெட்டுவதும் வேறு சில குடும்பங்களுக்கு என்று எழுதாத பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கையை வெளியிட்டது. பாகுபாடு பாவம் என்று மேடையில் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். மறுநாள் காலை பினாயில் வாளியைத் தூக்க வருவது அதே பழைய முகங்கள்தான். பங்குத்தந்தை துடைப்பம் எடுப்பதன் பொருள் இந்த இடத்தில்தான் தெரியும். நீங்கள் கழிப்பறையைக் கழுவினால் அது "தாழ்ந்த வேலை" என்ற பேச்சுக்கு அந்த வளாகத்தில் இடமில்லாமல் போகும்.

செய்யும் முறை: சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்து ஏழு முதல் எட்டரை வரை. வாரம் ஓர் அன்பியம் என்று சுற்று. சங்கவாரியாக, தெருவாரியாகப் பிரித்தால் சாதிவாரியாகத்தான் முடியும். இரண்டு அன்பியங்களைக் கலந்து போட்டால் இன்னும் நல்லது. முதல் மூன்று மாதம் கழிப்பறைப் பகுதி உங்களுக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும் மட்டும், வேறு யார் பெயரையும் அதில் போடாதீர்கள். நான்காம் மாதத்திலிருந்து அதுவும் சுற்றில் வரட்டும். யாரும் படம் எடுக்க வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லுங்கள். படம் வாட்ஸாப்பில் போனால் வேலை உங்கள் பெருமையாகிவிடும், அடுத்த வாரம் பத்துப் பேர் குறைவார்கள்.

பொருள்: தென்னந்துடைப்பம் ஆறு, நீளப் பிடி வைத்த தேய்ப்பான் நான்கு, ரப்பர் கையுறை பத்து ஜோடி, முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி இரண்டு ஜோடி, பினாயில், பிளீச்சிங் பவுடர். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,000 ரூபாய்க்குள் முடியும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மூடிய சிறு அறையில் இது உயிருக்கே ஆபத்து.

மக்கள் சேர்ந்து சுத்தம் செய்கிறார்களே என்று, சம்பளத்துக்குப் பெருக்கும் அம்மாவை நிறுத்திவிடாதீர்கள். ஏழையின் கூலியைப் பிடுங்கிச் செய்யும் சேவை சேவையே அல்ல. சம்பளம் அப்படியே இருக்கட்டும், சனிக்கிழமை அவருக்கு விடுமுறை ஆகட்டும். கோயில்பிள்ளை, உபதேசியார் ஆகியோருக்காக அரசு நலவாரியம் இருக்கிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் அவர்களை உறுப்பினராகப் பதியுங்கள். ஆதார், வயதுச் சான்றோடு, பணிபுரிகிறார் என்று நீங்கள் கொடுக்கும் சான்றுக் கடிதமும் வேண்டும்.

பெரிய வியாழன் பாதம் கழுவுவதற்கும் இதே கவனம் வேண்டும். 2016 ஜனவரியில் வத்திக்கானிலிருந்து வந்த ஆணைக்குப் பிறகு பெண்களும் அதில் இடம்பெறலாம். பேரவைப் பிரமுகர்கள் பன்னிரண்டு பேர் வெள்ளை வேட்டியில் வரிசையாக உட்காரும் வழக்கத்தை முதல் ஆண்டே மாற்றுங்கள். விதவை, மாற்றுத்திறனாளி, வெளி மாநிலத் தொழிலாளி, காலனி இளைஞர் என்று கலந்து எடுத்து, பெயர்களை இரண்டு வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள்.

5. கழிவுநீர்த் தொட்டி: இதில் இறங்கக் கூடாது

திருவிழாவுக்கு முந்தைய வாரம் தொட்டி நிரம்பும். "நாமே இறங்கி அள்ளிவிடலாம் சாமி" என்று யாராவது சொல்வார்கள். எந்த நிலையிலும் நீங்களும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் நாற்றம் தெரியும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, அடுத்த நிமிடம் மயக்கம். காப்பாற்ற இறங்கியவரும் அதே குழியில் சாவார். மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சிறை உண்டு. 14420 என்ற எண்ணுக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ அழைத்து, உரிமம் பெற்ற உறிஞ்சு வண்டியை வரவழையுங்கள். கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்பே பதிவு செய்யுங்கள், கடைசி நேரத்தில் வண்டி கிடைக்காது.

6. கல்லறைத் தோட்டம்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல் பிடித்துவிடும். எனவே வேலையை அக்டோபர் முதல் வாரமே தொடங்கி இரண்டு சனிக்கிழமையில் முடித்துவிட வேண்டும். முதல் சனி செடி வெட்டுவது, இரண்டாம் சனி வெள்ளையடிப்பது. புதரில் பாம்பு இருக்கும். முதலில் நீளக் கம்பால் தட்டி, ரப்பர் காலணியோடு உள்ளே போக வேண்டும். வெட்டியதை எரித்தால் மரச்சிலுவைகளும் சேர்ந்து கருகும், வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோங்கள்.

வெள்ளையடிக்க: ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கு. கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ, முந்தைய நாளே டிரம்மில் தண்ணீரை ஊற்றி, அதில் சிறிது சிறிதாகப் போடுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். சிறுவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டி, பத்து லிட்டருக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். கோந்து இல்லாவிட்டால் முதல் மழையிலேயே வெள்ளை கரைந்து ஓடும்.

உறவினர் இல்லாத கல்லறைகளே உங்கள் பங்கு. ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையை மட்டும் சுத்தம் செய்து பூ வைக்கும். ஆளில்லாதவை புதருக்குள்ளேயே கிடக்கும். இளையோர் குழுவோடு அவற்றை முதலில் எடுங்கள்.

சாதிக்கொரு பகுதி, நடுவில் சுவர் என்று இருக்கும் தோட்டம் உங்களுக்குக் கிடைத்திருந்தால், வந்த மாதமே கடப்பாரை எடுக்காதீர்கள். அடிதடியில் முடிந்தால் அடிபடுவது ஏழைகளே. அதற்காகக் கண்டும் காணாமல் இருந்துவிடவும் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே நாள், ஒரே குழு சுத்தம் செய்யட்டும். மந்திரிக்கும் ஊர்வலம் இரண்டு பக்கமும் போகட்டும், எந்தப் பக்கம் முதலில் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறட்டும். சவ வண்டி ஒன்றே இருக்கட்டும். நிலைமையை ஆயருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். புதிய அடக்கங்கள் எல்லாருக்கும் ஒரே வரிசையில் என்ற தீர்மானத்தைப் பேரவையில் கொண்டுவாருங்கள். இதற்கு ஓர் ஆண்டு போதாமல் போகலாம், ஆனால் தொடங்கியது உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

7. சாவு வீடு

சேதி வந்ததும் முதலில் போய் நில்லுங்கள், அடக்க நேரத்தை அங்கே போய்ப் பேசலாம். ஏழை வீடானால் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி வாடகை, குழி வெட்டும் கூலி மூன்றுக்கும் முன்பணம் தேவைப்படும். இதற்கென்று பங்கில் தனி நிதியாக 15,000 ரூபாயாவது எப்போதும் ரொக்கமாக இருக்கட்டும். குழி வெட்ட ஆள் குறைந்தால் மண்வெட்டியை நீங்களும் பிடியுங்கள்.

அடக்கத்துக்கு முன் ஒரு கேள்வி: இயற்கை மரணமா? விபத்து, தற்கொலை, தீக்காயம், பாம்புக்கடி, சந்தேக மரணம் எதுவானாலும் காவல்நிலையத்துக்குச் சொல்லி, பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகே அடக்கம். மணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. "மானம் போகும், சீக்கிரம் புதைத்துவிடலாம்" என்று கெஞ்சுவார்கள். இடம் கொடுத்தால், பிறகு தோண்டி எடுக்க வேண்டி வரும். தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருப்பலி மறுக்காதீர்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அவர்களைப் பெயர் சொல்லி விலக்கும் விதி எதுவும் இல்லை, அந்த வீட்டுக்குத்தான் ஆறுதல் எல்லாரைவிடவும் அதிகம் தேவை.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதன்பின் தாமதக் கட்டணம் வேண்டும், 30 நாள் தாண்டினால் அனுமதிக் கடிதமும் வேண்டும், ஓர் ஆண்டு தாண்டினால் நீண்ட அலைச்சல். வீட்டில் இறந்தவருக்கு, கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்காரணச் சான்று வாங்கச் சொல்லுங்கள். ஏழாம் நாள் பூசைக்கு வரும்போது "பதிந்தாயிற்றா" என்று கேட்பதை வழக்கமாக்குங்கள். காப்பீடு, விதவை உதவித்தொகை, வாரிசுச் சான்று எல்லாமே அந்த ஒரு தாளிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

8. மழை, வெள்ளம், புயல் (அக்டோபர்–டிசம்பர்)

2017 நவம்பர் 30-இல் ஒக்கி, 2018 நவம்பரில் கஜா, 2023 டிசம்பரில் தூத்துக்குடி–திருநெல்வேலி வெள்ளம். மூன்றும் இந்தப் பருவத்தில் வந்தவைதான். செப்டம்பருக்குள் செய்ய வேண்டியவை: மண்டபக் கூரை, கதவு, மின்கம்பி சோதனை, நாற்பது பாய், பெரிய பாத்திரங்கள், எரிவாயு உருளை இரண்டு, பதிவேடுகளையும் பத்திரங்களையும் நெகிழி உறையில் போட்டு மேல்மாடிக்கு மாற்றுவது. தரைத்தள அலமாரியில் இருந்த ஞானஸ்நானப் பதிவேடு நனைந்துபோனால் திரும்பக் கிடைக்காது. கடலோரப் பங்கானால் எந்தப் படகில் யார் போயிருக்கிறார்கள் என்ற பட்டியல் தினமும் உங்கள் கைக்கு வரட்டும். ஆள் காணாமல் போனால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

நூறு பேருக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அரிசி 12 கிலோ, பருப்பு 3 கிலோ, காய்கறி 8 கிலோ. முதல் வேளைக்கு எலுமிச்சைச் சோறோ வெண்பொங்கலோ போதும், பல பதார்த்தம் வேண்டாம். தொட்டித் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்ட பிறகே குடிக்கக் கொடுங்கள். கலங்கல் நீரானால் முதலில் தெளிய விடுங்கள். பழைய, கட்டி தட்டிய பவுடரில் வீரியம் இருக்காது.

வரிசையில் கோயிலுக்கு வருபவர், வராதவர் என்ற பேதம் வேண்டாம். பந்திக்கு முன் செபமாலை சொல்ல வைக்காதீர்கள், பிற மதத்தவர் பசியோடு கூசி நிற்பார்கள். நிவாரணப் பொருள் கொடுக்கும்போது குடும்ப அட்டை எண், பெயர், பொருள், கையெழுத்து என்று பதிவேடு வையுங்கள். அதன் நகல் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

9. பணத்தில் சறுக்கும் இடங்கள்

நல்ல மனதோடு செய்த வேலை கணக்கில் கெடுவதுண்டு. பெரிய சறுக்கல் வெளிநாட்டுப் பணம். பங்கைச் சேர்ந்தவர் இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்த்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் அதில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு உள்ள இன்னோர் அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரலாம் என்ற வழியும் 2020 திருத்தத்தோடு அடைபட்டது. அதனால் பணம் வருவதற்கு முன்பே கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்று கேளுங்கள், நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். உங்கள் சொந்த வங்கிக் கணக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள், அவசரம் என்றாலும்.

ஒரே ஆளிடம் ஒரு நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வெள்ள நிவாரணத்துக்கென்று வந்ததைக் கோபுர வேலைக்குத் திருப்பக் கூடாது. கொடுத்தவர் சொன்ன நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 1267. மாதக் கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு வேலை செய்வதை மக்கள் நம்ப, அந்தத் தாளும் வேண்டும்.

10. சிறுவரும் பெண்களும் வேலையில் சேரும்போது

பீடச்சிறாரை (பூசையில் உதவும் சிறுவர்களை) வண்டியில் தனியாக ஏற்றிக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போகாதீர்கள், பெரியவர் ஒருவர் கூட வரட்டும். முகாம், சுத்தப்பணி எதுவானாலும் பெற்றோரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். பங்கு இல்லத்தில் சந்திப்பு முன் அறையில், கதவு திறந்தபடி. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தால் காவல்துறைக்குச் சொல்வது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம், மறைப்பது தண்டனைக்குரியது. குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும், பங்கின் பெயர் கெடும் என்று பேசி முடிக்கப் பார்ப்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098 கோயில் கதவிலும் மறைக்கல்வி வகுப்பிலும் ஒட்டியிருக்கட்டும்.

11. உங்கள் விடுப்பு

எல்லாவற்றையும் தானே செய்யும் பங்குத்தந்தை இரண்டாம் ஆண்டில் படுத்துவிடுவார். பங்கும் வேடிக்கை பார்க்கப் பழகிவிடும். ஒவ்வொரு வேலையையும் மூன்று மாதம் முன்னின்று செய்யுங்கள், நான்காம் மாதம் ஒருவரைப் பக்கத்தில் வையுங்கள், ஆறாம் மாதம் அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நோயாளிச் சந்திப்பை மட்டும் விட வேண்டாம். வாரம் ஒரு நாள் ஓய்வு, திங்கள் வசதி. ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்புக்குத் திருச்சபைச் சட்டம் 533 இடம் கொடுக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் வெளியே போனால் ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களுக்குப் பதிலாக வரும் குருவிடம் நோயாளிப் பட்டியல், சாகும் தறுவாயில் இருப்பவர்களின் வீட்டு வழி, நற்கருணைப் பேழைச் சாவியும் நோயில்பூசுதல் எண்ணெயும் இருக்கும் இடம், சாவு நிதி இருக்கும் பெட்டி, கோயில்பிள்ளையின் கைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.